எச்-1பி விசா அமெரிக்கர்களின் வேலையைப் பறிக்கிறதா?

கேள்வி

அமெரிக்க நிறுவனங்கள் வெளிநாட்டுத் தொழில்முறை வல்லுநர்களைத் தற்காலிகமாக வேலைக்கு அமர்த்த உதவுவது எச்-1பி விசா. அதில் வரும் ஊழியருக்கும் அந்த வட்டாரத்தில் நிலவும் சம்பளத்தையே தர வேண்டும் என்று சட்டம் இருப்பதால், அமெரிக்கர்களின் வேலை பறிபோக வழியே இல்லை என்று ஒரு தரப்பினர் அடித்துச் சொல்கிறார்கள். அப்படியானால் ஃபுளோரிடாவில் டிஸ்னியின் கணினிப் பிரிவு ஊழியர்கள், தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்குத் தாங்களே வேலை கற்றுக்கொடுத்துவிட்டு வெளியேறினார்கள் என்று 2015இல் செய்தி வந்ததே, அது எப்படி நடந்தது?

மறுமொழி 1

நண்பரே, சூட்சுமம் அந்தச் சம்பளத்தைக் கணக்கிடும் முறையில் இருக்கிறது. தொழிலாளர் துறை அதை நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறது. ஓர் ஊரில் ஒரே வேலையைச் செய்யும் நூறு பேரைச் சம்பளம் ஏறும் வரிசையில் நிறுத்தினால், முதல் படி ஏறத்தாழ 17ஆவது ஆளின் சம்பளம். இரண்டாம் படி 34ஆவது ஆளின் சம்பளம். அதாவது, பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ள இந்தக் கணக்கின்படி, முதல் இரு படிகளும் வரிசையின் நடுவில் நிற்பவர் வாங்குவதற்குக் கீழேயே அமைகின்றன. நீண்ட அனுபவமுள்ள ஒருவர் பார்த்த வேலையை ஒப்பந்த நிறுவனம் எடுத்துக்கொண்டு, விண்ணப்பத்தில் இரண்டாம் படி என்று குறிப்பிட்டு ஆளை அமர்த்தினால், ஏட்டளவில் விதி மீறப்படுவதில்லை, செலவு மட்டும் இறங்கிவிடுகிறது.

எச்-1பி ஊழியர்களையே பெரிதும் சார்ந்திருக்கும் நிறுவனங்கள் உள்ளூர் ஊழியரை நீக்கிவிட்டு அந்த இடத்தை நிரப்பக் கூடாது என்று தனி விதியும் உண்டு. ஆனால் ஆண்டுக்கு 60,000 டாலர் தந்தால் அதிலிருந்து விலக்கு. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதிய தொகை அது; விலைவாசி எங்கேயோ போய்விட்டது, தொகை நகரவில்லை.

மறுமொழி 2

மேலே உள்ளவர் சொன்ன ஓட்டைகளை மறுக்கவில்லை. ஆனால் விசாவைக் குறைத்தால் அந்த வேலை அமெரிக்கருக்குப் போகும் என்ற அனுமானம்தான் இடிக்கிறது. 2001 முதல் 2003 வரை 1,95,000 ஆக இருந்த ஆண்டு உச்சவரம்பு 2004இல் 65,000க்கு இறங்கியது. விசா கிடைக்காத பன்னாட்டு நிறுவனங்கள் கனடா, இந்தியா, சீனா ஆகிய நாடுகளில் உள்ள தங்கள் கிளைகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டன என்று பொருளியல் ஆய்வாளர் பிரிட்டா கிளென்னனின் ஆய்வு காட்டுகிறது.

மறுமொழி 3

அது பாதிக் கதை. விண்ணப்பங்கள் வரம்பைத் தாண்டும்போது விசா யாருக்கு என்று தீர்மானிக்கக் குலுக்கல் நடக்கும். 2006, 2007 நிதியாண்டுகளின் குலுக்கலை வைத்து டோரன், கெல்பர், ஐசன் ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் மூவரும் செய்த ஆய்வில், விசா கிடைத்த நிறுவனங்களில் மொத்த வேலைவாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. புதியவர் வந்தபோது வேறொருவருக்கான இடம் குறைந்தது. எண்ணிக்கையைப் பற்றியே இரு தரப்பும் மல்லுக்கட்டுவது எனக்கு வீண் வேலையாகப் படுகிறது. வேலை போனால், வேறு வேலை தேடிக்கொள்ளவோ நாட்டை விட்டுக் கிளம்பவோ எச்-1பி ஊழியருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். ஆண்டுதோறும் தரப்படும் கிரீன் கார்டுகளில் (நிரந்தரக் குடியுரிமை அட்டை) ஒரு நாட்டவருக்கு 7 விழுக்காடு என்ற வரம்பினால் அந்த வரிசையில் இந்தியர்கள் ஆண்டுக்கணக்கில் நிற்கிறார்கள். இந்த நிலையில் இருப்பவர் சம்பள உயர்வு கேட்கத் தயங்குவார்; அந்தத் தயக்கம் பக்கத்து இருக்கை அமெரிக்கரின் சம்பளத்தையும் சேர்த்தே அழுத்துகிறது. 2025 செப்டம்பரில் அறிவித்த ஒரு லட்சம் டாலர் கட்டணம் வெளிநாட்டிலிருந்து புதிதாக வருபவரின் விண்ணப்பத்தைத்தான் தொடுகிறது. முதலிரு படிகளை உயர்த்தி, ஸ்பான்சரை (விசாவுக்கு விண்ணப்பித்த நிறுவனத்தை) ஊழியர் மாற்றுவதை எளிதாக்கினால், மலிவான ஆளுக்காக மட்டும் விசாவை நாடும் நிறுவனங்கள் தாமாகவே விலகிக்கொள்ளும்.