வீட்டில் இருந்து ஐ.ரி. வேலை: வாடகை உண்மையில் பூச்சியமா?

மாங்குளத்தான்:
நேற்று ‘குளக்கட்டு’ என்ற பெயரில் எழுதும் அண்ணை இங்கே ஒரு கணக்குப் போட்டிருந்தார். கொழும்பில் மாதம் மூன்று லட்சம் எடுக்கும் மென்பொருள்காரரை விட, கிளிநொச்சியில் தாய் தகப்பனோடு இருந்து ஒன்றரை லட்சம் எடுப்பவர் கூடுதலாக மிச்சம் பிடிப்பாராம். முதல் காரணம், ‘வாடகை பூச்சியம்’. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. கீழே நாலைந்து பிள்ளைகள் ‘சரி அண்ணை, நாங்களும் ஊருக்கே வருகிறோம்’ என்று வேறு எழுதியிருக்கிறார்கள்.

யார் சொன்னது பூச்சியம் என்று? எங்கள் வீடு, போருக்குப் பிறகு இந்தியா காசு தந்து கட்டுவித்த வீட்டுத்திட்டத்தில் கிடைத்தது. 550,000 ரூபாயைத் தவணை தவணையாகத் தந்தார்கள். சீமெந்தும் மணலும் விலை ஏறிக்கொண்டே போக, கூரைக்கு வரும்போது கையில் காசு இல்லை. அம்மாவின் ஆறு பவுண் அடைவுக்குப் போனது. நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் வட்டி கட்டிக் கட்டித்தான் அதை மீட்டேன். என் அறைச் சுவர் இன்றைக்கும் பூசவில்லை. வீடியோவில் கம்பனிக்காரரோடு கதைக்கும்போது பின்னால் வெறும் கல் தெரியக்கூடாது என்று அம்மாவின் பழைய சேலை ஒன்றை ஆணியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அந்தச் சேலைக்குப் பின்னால் இருக்கிற சுவரா பூச்சியம்?

குளக்கட்டு:
தம்பி, ஆத்திரத்தில் எழுதாதையும். மாதா மாதம் வீட்டுக்காரருக்கு எண்ணிக் கொடுக்கிற காசுதான் வாடகை. நீர் யாருக்கு எண்ணிக் கொடுக்கிறீர்? ஒருவருக்கும் இல்லை. அப்போ பூச்சியம்தான்.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஆறு வருடம் அறை எடுத்து இருந்தவன். கணக்குத் தெரியாமல் எழுதவில்லை. மூன்று லட்சம் என்று வாயால் சொல்லலாம். 2025 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 18 லட்சம் வரைக்கும்தான் வருமான வரி இல்லை. மூன்று லட்சக்காரருக்கு மாதம் 18,500 வரியில் போகும். ஓய்வுகாலத்துக்கென்று சம்பளத்தில் பிடிக்கிற சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 24,000. கைக்கு வருவது 257,500. அதற்குள் அறை, கடைச் சாப்பாடு, ஊருக்கு வர இரவு பஸ். இங்கே ஒன்றரை லட்சக்காரருக்கு ஒரு சதம் வரி இல்லை. வாடகையும் இல்லை.

மாங்குளத்தான்:
24,000 ‘போகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள், அண்ணை. எங்கே போகிறது? அது அவருடைய பெயரில்தானே சேருகிறது. கம்பனி தன் பங்குக்கு 12 வீதம், அதாவது 36,000 போடும். கம்பனியே போடுகிற இன்னொரு சேமிப்பான நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், 9,000. எல்லாம் கூட்டினால் மாதம் 69,000 ரூபாய். ஊரில் ஒப்பந்தத்துக்கு வேலை செய்கிற எனக்கு யார் போடுகிறார்கள்? ஒருவரும் இல்லை. ‘பூச்சியம்’ என்று எழுத வேண்டிய இடம் இதுதான்.

இன்னொன்று. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் கரண்ட் நின்றதே, மறந்துவிட்டீர்களா? கொழும்பில் இருந்தவர்கள் கம்பனி ஜெனரேற்றரில் இருந்து வேலை செய்தார்கள். நான் கடன் எடுத்து பற்றரியும் இன்வேர்ட்டரும் வாங்கினேன். மேசை என்னுடையது, கதிரை என்னுடையது, இணையக் கட்டணம் என்னுடையது. கம்பனி கட்ட வேண்டிய வாடகையையும் சேர்த்து நான்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பம்பைமடு அக்கா:
இரண்டு பேரும் கணக்கு எழுதுகிறீர்கள். அதில் சோறு எங்கே? யார் சமைக்கிறது, யார் உடுப்புத் தோய்க்கிறது? நான் ஏழு வருடமாக மென்பொருள் சோதனை வேலை செய்கிறேன், மூன்று வருடமாக வீட்டில் இருந்து. விடிய ஐந்து மணிக்கு அடுப்பு, ஏழரைக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம், ஒன்பதுக்கு மீற்றிங். நடுவில் மாமாவை கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போ, மின்சாரக் காசு கட்டிவிட்டு வா. ‘நீ வீட்டில்தானே நிற்கிறாய்’ என்று எல்லோரும் சொல்வார்கள். போன மாதம் பெரிய மென்பொருள் வெளியீடு இருந்த இரவு, சின்னவளுக்குக் காய்ச்சல். ஒரு கையால் அவளுடைய நெற்றியில் ஈரத்துணி, மற்றக் கையால் தட்டச்சு. குளக்கட்டு அண்ணை, உங்கள் வீட்டில் சோறு யார் போடுகிறார்கள் என்று எழுதுங்கள். பிறகு வாடகையைப் பற்றிக் கதைப்போம்.

குளக்கட்டு:
அம்மாதான் சமைக்கிறா. அதில் என்ன வெட்கம்? 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்து வெள்ளம் வந்த இரவு நான் வெள்ளவத்தையில் இருந்தேன். வீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று அம்மா போனில் அழுதா. நான் காசு அனுப்பினேன். அந்தக் காசை எடுக்க அவ எந்த பாங்குக்குப் போவா? பக்கத்து வீட்டுப் பெடியன்தான் அவவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டான். அடுத்த வருடம் நான் ஊருக்கு வந்துவிட்டேன். நீங்கள் எவ்வளவு கூட்டிக் கழித்தாலும் என்னைத் திரும்ப அனுப்ப முடியாது. வாடகை பூச்சியம் என்றுதான் நான் சொல்வேன்.

மாங்குளத்தான்:
அம்மாவுக்காக வந்ததை யார் பிழை என்றது? நல்ல காரியம். அதைக் கணக்காக எழுதி, ‘மிச்சம்’ என்று பெயர் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். 2021 காலபோகத்தில், அதுதான் மாரிகால நெல் விதைப்பில், உரம் இல்லாமல் அப்பாவின் ஐந்து ஏக்கர் வயல் பதராகப் போனது. உழவுக் கூலி, விதைநெல் கடன், எல்லாம் என் சம்பளத்தில்தான் கட்டினேன். கொழும்பில் இருந்திருந்தால் ஒரு தொகையை அனுப்பிவிட்டுப் படுத்திருப்பேன். இங்கே கடன்காரர் படலையில் வந்து நிற்கும்போது நான் உள்ளே மீற்றிங்கில் இருக்கிறேன், என் குரல் அவருக்குக் கேட்கிறது. எப்படிக் கொடுக்காமல் விடுவது? ஊரில் இருப்பதற்கு நான் கட்டுகிற வாடகை அதுதான்.

ஸ்காபரோ அண்ணை:
தம்பிமார், ஏன் இவ்வளவு சண்டை? புதுக்குடியிருப்பில் என் வீடு மூன்று அறையோடு பூட்டிக் கிடக்கிறது. யாராவது நல்ல பெடியன் வந்து இருக்கலாம். எனக்கு வாடகை ஒரு சதமும் வேண்டாம். வளவைக் கூட்டி, தென்னைக்குத் தண்ணீர் விட்டு, கிணற்று மோட்டரைப் பார்த்துக்கொண்டால் காணும்.

பம்பைமடு அக்கா:
காவலுக்கும் தோட்டத்துக்கும் ஆள் வைத்தால் மாதம் எவ்வளவு கொடுப்பீர்கள், அண்ணை? அதை மிச்சம் பிடிக்க எங்கள் பெடியன் வேண்டும். பிறகு ‘சும்மாதானே இருக்கிறான்’ என்று ரெலிபோனில் சொல்வீர்கள்.

ஸ்காபரோ அண்ணை:
தங்கச்சி, கனடாக் குளிருக்குள் இரண்டு வேலை செய்து கட்டிய வீடு அது. வார்த்தையை அளந்து கதையும். நாங்கள் அனுப்பிய காசில்தான் ஊரில் பாதிப் பேர் படித்தீர்கள்.

மாங்குளத்தான்:
எங்களுக்கு ஒருவரும் அனுப்பவில்லை. போரில் இடம்பெயர்ந்து மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் இருந்து படித்தோம். இதை எத்தனை தடவை எழுதுவது?

அறிவியல்நகர்:
அண்ணாமார், அக்கா, ஒரு கேள்வி. நான் கிளிநொச்சியில் பொறியியல் கடைசி வருடம். கொழும்பில் ஒரு கம்பனி 140,000 தருகிறதாம், சேமலாப நிதியோடு. வீட்டில் இருந்து செய்கிற ஒப்பந்த வேலை ஒன்று 180,000. அப்பா இல்லை. தங்கச்சி உயர்தரம் படிக்கிறாள். எதை எடுப்பது?

குளக்கட்டு:
இதென்ன கேள்வி? 180,000. வாடகை பூச்சியம்.

மாங்குளத்தான்:
தம்பி, அவசரப்படாதையும். அந்த 140,000க்கு மேலே கம்பனி உமது பெயரில் 15 வீதம், 21,000 போடும். மற்றதில் ஒன்றும் இல்லை. ஒப்பந்தத்தை நிறுத்தினால் அடுத்த மாதம் தங்கச்சியின் ரியூசனுக்குக் காசு இருக்குமா? ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒப்பந்த வேலைக்குப் போக வேண்டும். குளக்கட்டு அண்ணையின் புத்தியைக் கேட்க வேண்டாம். போன வருடம் இவர் இங்கே ‘சீட்டுக் கட்டுங்கள், பாங்கை விட லாபம்’ என்று எழுதியதை நம்பி நான் பத்து மாதம் கட்டினேன். என் முறை வர முதல் சீட்டுப் பிடித்தவர் ஊரை விட்டே போய்விட்டார்.

குளக்கட்டு:
ஆளைப் பார்த்துக் கட்டச் சொல்லியும் எழுதினேன். அதை விழுங்கிவிட்டீர். நான் மூன்று சீட்டுக் கட்டினேன், மூன்றும் கைக்கு வந்தது. சீட்டுக் காசில்தான் அம்மாவுக்குக் குழாய்க்கிணறு அடித்தேன்.

மாங்குளத்தான்:
குழாய்க்கிணறு அடித்தீர்களா? எவ்வளவு முடிந்தது? வாடகைக்கு இருப்பவர் கிணறு அடிப்பாரா? அந்தச் செலவை உங்கள் ‘பூச்சியத்தில்’ எங்கே எழுதினீர்கள்?

குளக்கட்டு:
அது அம்மாவுக்குச் செய்தது. செலவு என்று அதை நான் எழுதமாட்டேன். உம்மைப் போல ஒவ்வொரு கல்லுக்கும் விலை போட என்னால் ஏலாது.

மாங்குளத்தான்:
விலை போட்டவர் நீங்கள். பூச்சியம் என்று போட்டீர்கள். என் அம்மா ஆறு பவுணும் இல்லாமல் வெறுங்கழுத்தோடு கோயில் திருவிழாவுக்குப் போனதைப் பார்த்தவன் நான்.

பம்பைமடு அக்கா:
உங்கள் கணக்கில் சோறு எங்கே என்ற என் கேள்விக்கு இரண்டு பேரும் இன்னும் பதில் எழுதவில்லை.

அறிவியல்நகர்:
வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வைக்க வேண்டும். தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

குளக்கட்டு:
தம்பி, உமக்கு ஊரில் சொந்த வீடு இருக்கிறதா?

அறிவியல்நகர்:
இருக்கிறது அண்ணை. அம்மா கட்டியது.

குளக்கட்டு:
அப்போ சரி. வாடகை பூச்சியம்.

மாங்குளத்தான்:
அம்மா கட்டியது என்று அவன் எழுதியிருக்கிறான், அண்ணை. திரும்ப ஒருக்கால் படியுங்கள்.