தொட்டியில் சலாட் இலை: முளைப்பதில்லை, முளைத்தாலும் கசக்கிறது

செத்தாப்பாக் வாசகி:
வணக்கம். கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் அடுக்குமாடி ஒன்றின் பதினோராம் மாடியில் குடியிருக்கிறேன். மேற்குப் பார்த்த பால்கனியில் சலாட் வளர்க்க இருமுறை முயன்றேன். முதல்முறை தூவிய விதைகளில் ஒன்றுகூட முளைக்கவில்லை. இரண்டாம் முறை ஏழெட்டுச் செடிகள் தேறின. ஆனால், ஐந்தாவது வாரத்தில் தண்டு கிடுகிடுவென உயர்ந்து, இலைகள் ஒடுங்கி, கிள்ளிய இடத்தில் வெள்ளைப் பால் கசிந்தது. வாயில் வைத்தால் வேப்பங்கொழுந்தாகக் கசக்கிறது. விதை விற்ற கடைக்காரர் தண்ணீரை அதிகமாக்கச் சொன்னார். அப்படிச் செய்ததில் அடுத்த தொட்டி நாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிட்டன. என் மாமியார் இரவில் சோற்றைக் குறைத்துப் பச்சிலை உண்ணப் பழகியிருக்கிறார். மருந்து தெளிக்காத இலையை அவருக்கு என் கையால் வளர்த்துத் தர ஆசைப்படுகிறேன். இந்த வெப்பத்தில் அது நடக்குமா?

தானா ராத்தா தோட்டக்காரர்:
நடக்கும், சகோதரி. கேமரன் மலையில் பல ஆண்டுகள் சலாட் பயிரிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள இந்தக் குளிரில் அது தானாக வளர்கிறது. உங்கள் ஊரில் பிற்பகல் வெப்பம் 32, 33 பாகையைத் தொடுகிறது. மண்ணின் சூடு 30 பாகையை நெருங்கினாலே பல வகை விதைகள் உறங்கிவிடும். ஆகவே, விதைகளை ஈரத் தாளில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் இட்டு, மூன்று நாள் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருந்து, வெயில் தாழ்ந்தபின் விதையுங்கள். முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் ஆழமாகப் புதைக்காமல், மேலே மண்ணை மெல்லத் தூவினாலே போதும்.

கசப்புக்கும் வெப்பமே காரணம். சூடு தாங்காத செடி பூத்து விதை விடத் துடிக்கிறது. அப்போது பால் பெருகுகிறது, கசப்பும் ஏறுகிறது. எனவே, உருண்டை கட்டும் வகையை விட்டுவிட்டு, உதிரி இலை வகையை வாங்குங்கள். ஒரு விரல் நீளம் வந்ததும், நான்காவது வாரத்திலேயே, அடியில் மூன்று சென்டிமீட்டர் விட்டு நறுக்கிவிடுங்கள். நடுக்குருத்தைக் காப்பாற்றினால் மீண்டும் தழைக்கும். இரண்டாம் அறுவடைக்குப் பின் பிடுங்கிவிட்டுப் புதிதாக விதைப்பதே நல்லது. மூன்றாவதை எதிர்பார்த்தவர்கள் கசப்பைத்தான் தின்றார்கள்.

ஆயர் ஈத்தாம் அன்பர்:
பினாங்கிலும் இதே வெயில்தான். மேற்குப் பால்கனியில் செடியைச் சுடுவது சூரியன் மட்டுமன்று, சுவரும்தான். மாலை ஏழு மணிக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், புரியும். காலை வெயில் நான்கு மணி நேரம் விழுந்து, நண்பகலுக்குப் பின் நிழலாகும் இடமே சலாட்டுக்கு ஏற்றது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வேரை வேகவைத்துவிடும். பசாரில் பழக்கடைக்காரர் எறியும் வெள்ளை நுரைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, அடியில் துளையிட்டு, ஒரு சாண் உயரத்துக்கு மண்ணும் மக்கிய உரமும் தேங்காய் நார்த்தூளும் கலந்து நிரப்புங்கள். சூடு உள்ளே எளிதில் இறங்காது. நார்த்தூளில் உப்பு இருக்கும் என்பதால், அதைத் தெளிந்த நீர் வரும்வரை அலசுங்கள். விரலை மண்ணில் இரண்டு கணு இறக்கிப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் காலையில் நீர் ஊற்றுங்கள்.

தட்டில் தேங்கும் நீரை அன்றாடம் கொட்டிவிடுங்கள். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வாரத்திலேயே முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். கொசுப்புழு இருந்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

செத்தாப்பாக் வாசகி:
இருவருக்கும் நன்றி. சுவர் இன்று இரவு எட்டு மணிக்கும் சுட்டது. சமையலறைச் சன்னல் கிழக்குப் பார்க்கிறது. அங்கே ஒரு பெட்டிக்கு இடம் இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியை:
பெட்டியைச் சன்னலின் உட்புறமே வையுங்கள்; பதினோராம் மாடியிலிருந்து ஒரு சிறு தொட்டி விழுந்தாலும் கீழே நடப்பவரின் உயிருக்கு ஆபத்து. சலாட் தேறும்வரை மாமியாரைக் காக்க வைக்கவும் வேண்டாம். இந்த மண்ணின் வெப்பத்திலேயே வளரும் வல்லாரையும் உலாம் ராஜா என்னும் கீரையும் பச்சையாகவே உண்ணத் தக்கவை. பசாரில் வேரோடு வாங்கிய வல்லாரையில் ஒரு கொடியை நட்டாலே படர்ந்துவிடும். பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கொடுங்கள்.

செத்தாப்பாக் வாசகி:
வல்லாரை என்றதுமே மாமியாரின் முகம் மலர்ந்தது. தோட்டத்தில் இருந்த காலத்தில் வாய்க்கால் ஓரத்தில் பறித்ததாகச் சொன்னார். சலாட் விதைகளை ஈரத் தாளில் சுற்றித் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலை விதைக்கிறேன்.