புதுப்பிப்பு: ஜெர்மன் படிக்கலாமா வேண்டாமா என்று கேட்டிருந்தேனே

போன வருஷம் கேட்டது ஞாபகம் இருக்கலாம். எம்.எஸ். படிக்க ஜெர்மனி போகப் பார்க்கிறேன், பாடம் முழுக்க ஆங்கிலம், அப்புறம் ஜெர்மன் எதற்கு? பாதிப் பேர் "படி" என்றீர்கள், மீதிப் பேர் "நேரம்தான் வீண்" என்றீர்கள்.

படித்தேன். முதலில் சேர்ந்த வகுப்பு தண்டம்; மூன்று மாசத்தில் பி1 (ஜெர்மன் மொழித் தேர்வில் நடுத்தர நிலை) என்று காசை வாங்கிக்கொண்டு மூன்று ஆசிரியரை மாற்றினார்கள். இடம் மாறிய பிறகுதான் உருப்பட்டேன்.

மண்டை காய்ந்தது டெர், டீ, டாஸில்; பெயர்ச்சொல் ஆணா, பெண்ணா, ரெண்டும் இல்லையா என்று காட்ட முன்னால் போடும் சொற்கள் இவை. தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி ரெண்டும் இல்லை. சரி போகட்டும் என்றால், சின்னப் பெண்ணும் (மேட்ஷென்) 'டாஸ்'தானாம்! உயர்திணை அஃறிணை படித்த நமக்கு இது அநியாயமாகப் படும்.

ஆனால் ஒரு இடத்தில் ஜாலி. "வைல் இஷ் ம்யூடே பின்". அதாவது 'ஏனென்றால் நான் களைப்பாக இருக்கிறேன்'. வினை கடைசியில், அப்படியே நம்மூர் வரிசை. ஆங்கிலத்தில் யோசித்து மொழிபெயர்த்தவர்கள் அங்கே திணற, நான் தமிழில் யோசித்துத் தப்பித்தேன்.

பி1-இல் நாலு பகுதியில் மூன்று தேறியாச்சு. கேட்டலில் 60 வேண்டும், வந்தது 53. நல்லவேளை, அதை மட்டும் திரும்ப எழுதலாம். அடுத்த மாசம் தேதி. தினமும் பஸ்ஸில் ஜெர்மன் செய்தி ஓடுகிறது, பக்கத்து சீட்காரர் முறைக்கிறார்.