அடிக்கடி போட்டால் அன்டிபயோட்டிக் உடம்புக்குப் பழகிவிடுமா?

களுவாஞ்சிக்குடியான்:
அம்மாவுக்குத் திரும்பவும் சலத்தில் கிருமி. போன முறை சிப்ரோ என்ற அன்டிபயோட்டிக் குளிசையிலேயே சுகமாகிவிட்டது, இந்த முறை ரிப்போர்ட்டில் சிப்ரோவுக்கு நேரே ஆர் என்று போட்டிருக்கு. பெரியம்மா சொல்கிறா, "போட்டுப் போட்டு அவளின்ட உடம்புக்குப் பழகிட்டு" என்று. அப்படியென்றால் சிப்ரோவே போடாத எனக்கு அது வேலை செய்யும்தானே?

லேப்காரி, மட்டக்களப்பு:
உடம்பு பழகுவதில்லை தம்பி. மருந்துக்கு அசையாமல் நிற்பது கிருமி, ரிப்போர்ட்டில் ஆர் (ரெசிஸ்டன்ட்) என்று போடுவதும் அதைத்தான். பக்டீரியா பெருகும்போது டிஎன்ஏ முறுக்கிக்கொள்ளும், ஜைரேஸ் என்ற நொதியம் அதை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டிவிடும். சிப்ரோ அந்த ஒட்டுகிற வேலையைக் கெடுக்கிறது, டிஎன்ஏ உடைந்து கிருமி சாகிறது. ஆனால் சலத்தில் அடிக்கடி வருகிற ஈ.கோலை என்ற பக்டீரியா வசதி கிடைத்தால் 20 நிமிடத்துக்கொரு தடவை இரண்டாகும். அத்தனை பிரதி எடுக்கையில் எங்கேயாவது பிழை விழாதா? ஜைரேஸில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே மருந்து சரியாகப் பிடிக்காது. அப்படியொன்று கூட்டத்தில் ஏற்கெனவே இருந்தால், மற்றதெல்லாம் செத்த பிறகு இடம் முழுக்க அதன் பிள்ளைகளுக்குத்தான். லேப்பில் கிருமியை வளர்த்து மருந்து வில்லைகள் வைக்கிற தட்டில் பார்த்தால் விளங்கும், மற்ற மருந்து வில்லைகளைச் சுற்றி வெறும் வட்டம், சிப்ரோ வில்லையின் விளிம்பு வரை கிருமி படர்ந்திருக்கும்.
அதே கிருமி உங்களுக்குத் தொற்றினால் உங்களுக்கும் சிப்ரோ கேட்காது.

வயல்காரன், அக்கரைப்பற்று:
எங்கட வயலில் ஒரே களைநாசினியை ஒவ்வொரு போகமும் அடித்து இப்ப சில புல்லு சாகுதே இல்லை, அதே கதைதான் போல. சரி, தடிமனுக்கு மிஞ்சின அமொக்சிசிலினைப் போட்டால் என்ன பிழை?

லேப்காரி, மட்டக்களப்பு:
தடிமன் வைரஸ். அமொக்சிசிலின் உடைப்பது பக்டீரியாவின் கலச்சுவர் கட்டும் வேலையை, வைரஸுக்குச் சுவரே கிடையாது. தடிமன் தானாகப் போகும், குடலிலிருக்கிற பக்டீரியாதான் வீணாக அடிபடும், அதில் தப்புவது எதிர்ப்பு மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையம் வழியாகப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுக்கும், வேறு இனமென்றாலும்! பெனிசிலினைச் சிதைக்கிற நொதியத்தை 1940இலேயே கண்டுவிட்டார்கள், மருந்து கடைக்கு வருமுன்.

களுவாஞ்சிக்குடியான்:
அப்ப அம்மாவுக்கு என்ன செய்வது அக்கா?

லேப்காரி, மட்டக்களப்பு:
ரிப்போர்ட்டில் எஸ் (கிருமி அதற்கு அடங்கும்) என்று வந்த மருந்துகளில் ஒன்றை டொக்டர் தெரிவு செய்வார், எத்தனை நாள் என்பதும் அவர் சொல்வதுதான். இனிமேல் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனைக்கு, சலம் கொடுப்பதென்றால் முதல் குளிசைக்கு முன் கொடுங்கள். போட்டபின் கொடுத்தால் கிருமி இருந்தும் தட்டில் வளராமல் போகலாம்.