அஸ்பராகஸ் செடி தினமும் தூள் கொட்டுது, ஆராவது பார்த்துச் சொல்லுங்க

கடற்கரை வீதிக்காரி (கல்லடி):

எல்லாருக்கும் வணக்கம். ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் கோயிலுக்குப் போன நேரம் திருவிழாக் கடையில 450 ரூபாய்க்கு ஒரு அஸ்பராகஸ் பேர்ன் வாங்கினன். இறகு மாதிரி, தொட்டா கையில இருக்கிறதே தெரியாது, அவ்வளவு மெல்லிசு. வித்தவர் சொன்னது ரெண்டே விசயம்: நிழல்ல வையுங்க, தண்ணி ஊத்துங்க.

கொண்டுவந்து பழைய மண்சட்டி ஒண்டுக்கு மாத்தி, ஹோல்ல சோகேசுக்கு மேல, அம்மாட படத்துக்குப் பக்கத்தில வைச்சன். நேர மேல ஃபேன். ரெண்டு கிழமை ராசாத்தி மாதிரி இருந்தது. பிறகு தொடங்கிச்சு கொட்டுறதுக்கு. விடிய எழும்பிப் பார்த்தா டீவிக்கு மேல, படத்துக்கு மேல, கம்பளத்தில எல்லாம் மஞ்சள் தூள். தும்புத்தடியால கூட்டினா வராது, ஈரத்துணியால ஒத்தி எடுக்க வேணும்.

தண்ணி குறைவெண்டும் சொல்ல ஏலாது. ஒவ்வொரு நாளும் காலையில ஒரு கிளாஸ் கிணத்துத் தண்ணி ஊத்துறன். எங்கட கிணறு 2004 சுனாமிக்குப் பிறகு குடிக்க உதவாது, குளிக்கவும் செடிக்கும்தான். அதே தண்ணியிலதான் முத்தத்துப் போகன்விலாவும் அலரியும் பூத்துக் குலுங்குது. சட்டி பழசெண்டதால விளிம்பில சாம்பல் மாதிரி வெள்ளையாப் பூத்துக் கிடக்கு, துடைச்சாலும் நாலு நாளில திரும்ப வருது. அது வேற கதை.

இன்னொண்டு. நடுவில இருந்து இலையே இல்லாத ஒரு தண்டு தூண்டில் கம்பு மாதிரி நீண்டு போய் கேட்டின்ல பிடிச்சிது. வடிவில்லையெண்டு நுனிய வெட்டினன். அண்டையில இருந்து அது அப்படியே மொட்டைக் குச்சியா நிக்குது. வெட்டக்குள்ள முள்ளும் குத்திச்சு. பேர்னுக்கு முள் இருக்குமா?

மாமி சொல்றா இது சாத்தாவாரிதான், இலைய உருவிக் கஞ்சி காய்ச்சு எண்டு. இவர் சொல்றார் தூக்கி எறிஞ்சிட்டு பிளாஸ்டிக்கில ஒண்டு வாங்கு எண்டு. எனக்கு இது படங்களில வாற மாதிரி, மேகம் தட்டுத் தட்டா நிக்கிற மாதிரி வளர வேணும். என்ன செய்யலாம்?

வாவிக்கரை (களுவாஞ்சிகுடி):

தண்ணி கூடிப் போச்சு அக்கா. கிழமைக்கு ஒருக்கா ஊத்துங்க, சரியாகும்.

ஓய்வு பெற்ற விவசாயப் பாட வாத்தி (அக்கரைப்பற்று):

தங்கச்சி, "அது வேற கதை" எண்டு ஒதுக்கி விட்டீங்களே, அந்த வெள்ளைதான் கதையே. அது உப்பு.

மண்சட்டி வேர்க்கும். தண்ணி சட்டிச் சுவரால கசிஞ்சு ஆவியாப் போகும், அதில கரைஞ்சிருந்த உப்புப் போகாது, விளிம்பில தங்கிடும். வெளியில அவ்வளவு பூத்திருந்தா உள்ளுக்க மண்ணில எவ்வளவு இருக்குமெண்டு யோசிச்சுப் பாருங்க. உப்புக் கூடின மண்ணில ஈரம் இருந்தாலும் வேரால அதை இழுக்க ஏலாது. கடலுக்கு நடுவில தாகத்தோட நிக்கிறவன்ட நிலைதான். ஃபேனும் கச்சான் காத்தும் மேல ஈரத்தை உறிஞ்ச, கீழ இருந்து வரத்தில்ல. பிறகு கொட்டாம என்ன செய்யும்? போகன்விலாவும் அலரியும் உப்புத் தாங்குற சாதி, அதுகளை வைச்சு இதை அளக்க ஏலாது.

சந்தேகமெண்டா ஒரு கரண்டி கிணத்துத் தண்ணிய அடுப்பில வத்த விட்டுப் பாருங்க. அடியில படலம் தெரியும்.

வாவிக்கரைத் தம்பி கோவிக்கப்படாது, தண்ணியைக் குறைச்சா மண்ணில உப்பு இன்னும் செறியும். முதல்ல கழுவ வேணும். நல்ல தண்ணி எடுத்து, சட்டி கொள்ளுற அளவைப் போல மூண்டு நாலு மடங்கு, மெதுவா ஊத்தி அடியால முழுக்க வடிய விடுங்க. தட்டில வடிஞ்சதைத் திரும்பக் குடிக்க விடாதீங்க. அதுக்குப் பிறகு பைப் தண்ணியை வாளியில ஒரு இரவு வைச்சு ஊத்தலாம், மழைத்தண்ணி கிடைச்சா அதைப் போல வராது. ஒவ்வொரு நாளும் எண்டு கணக்கு வைக்காதீங்க. விரலை ஒரு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்க, மேல்மண் காய்ஞ்சிருந்தா ஊத்துங்க.

முள்ளுக்கு வாறன். இது பன்னமே இல்ல, அதாவது பேர்னே இல்ல. பன்னம் பூக்காது, விதைக்குப் பதிலா இலைக்கு அடியில வித்தி வைக்கும். இது சின்ன வெள்ளைப் பூப் பூத்துக் காய்க்கும். ஆபிரிக்காவில தெற்கும் கிழக்கும் இதுட ஊர். வெள்ளைக்காரர் சாப்பிடுற அஸ்பராகஸ் மரக்கறியும் இதுவும் ஒரே பேரினம். நீங்க இலை எண்டு துடைக்கிற தூள் ஒண்டும் இலையில்ல, எல்லாம் இலைத்தொழிற்றண்டு, இலைட வேலையைச் செய்யுற தண்டு. மெய்யான இலை வெறும் செதிலாச் சுருங்கி, முத்தின தண்டில முள்ளா மாறிடும். குத்தினது அதுதான்.

மாமி சொன்னது பாதி சரி. சாத்தாவாரியும் இதே பேரினம். ஆனா கஞ்சிக்குப் போடுறது அந்தக் கிழங்குக் கொடி, இதை வாயில வைக்கப்படாது. இதுட காய் நஞ்சு, பூனை நாய் திண்டா வயிறு குழம்பும். சாறு பட்டா சிலருக்குத் தோல் கடிக்கும்.

பூக்கட்டுறவ (காத்தான்குடி):

சேர் மண்ணைப் பார்த்துட்டார், நான் வடிவைப் பார்க்கிறன். கலியாண வேலைக்குப் பூச்செண்டு கட்டுறதுதான் என்ட தொழில். மலைநாட்டில இருந்து ரோசாப்பூப் பெட்டிக்குள்ள இந்தத் தழையும் கட்டுக்கட்டா வரும். மாப்பிள்ளைட கோட்டில குத்துற ஒத்தை ரோசாவுக்குப் பின்னால நிக்கிறது இதுதான். பத்து வருசமாக் கையில உருட்டுறதால சொல்றன்: இதுட வடிவு முழுக்கப் பக்கவாட்டில. ஒவ்வொரு கிளையும் தட்டையா, பாய் விரிச்ச மாதிரி நிக்கும். சோகேசுக்கு மேல வைச்சா அண்ணாந்து அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பீங்க. கதிரையில இருந்தா கண்ணுக்கு நேர வாற உயரத்தில, ஒரு முக்காலியில, ஒண்டும் தொங்காத வெள்ளைச் சுவருக்கு முன்னால வையுங்க. கிழக்கு யன்னல் வெளிச்சம் மெல்லிய கேட்டினால வடிஞ்சு விழுந்தா, சுவரில விழுற நிழலே ஒரு படம். பத்து மணி வெயில் நேரப் படப்படாது, வெளுத்துடும். ஃபேனுக்குக் கீழ வேணவே வேணாம்.

வெட்டுறதில ஒரு சூட்சுமம். இதுட தண்டை இடையில வெட்டினா அந்த இடத்தோட நிண்டுடும், நீளாது. புதுசு வாறதெல்லாம் மண்ணுக்குள்ள இருந்துதான். மஞ்சளானதையும் உங்கட மொட்டைக் குச்சியையும் மண்ணோட ஒட்ட வெட்டி எடுங்க. பிறகு அடியில நெருங்கி நிக்கிற மெல்லிய தண்டுகளில கொஞ்சத்தை எடுத்து, மூண்டு நாலு தண்டு மட்டும் கால் தெரிய நிக்க விடுங்க. அப்பதான் நீங்க கேட்ட மேகம் வரும். திரும்பத் தூண்டில் கம்பு வந்தா அது கொடியா ஏறப் பார்க்குது எண்டு அர்த்தம். ஒண்டு அடியோட எடுங்க, இல்லாட்டி தங்கூசி நூல் கட்டி யன்னலைச் சுத்தி விடுங்க. ரெண்டுங்கெட்டானா விட்டாத்தான் அசிங்கம்.

சட்டிக்குக் கடைக்குப் போகாதீங்க. நம்மட ஊரில எருமைத் தயிர்ச் சட்டிக்கு என்ன பஞ்சம்? அகலமா, ஆழம் குறைவா, இந்தச் செடிக்கெண்டே வனைஞ்ச மாதிரி இருக்கும். ஒரு இரவு தண்ணியில ஊறப் போட்டு, கவிழ்த்து வைச்சு, கொங்கிறீட் துளைக்கிற அலகால அமத்தாமத் துளையுங்க. நான் மூண்டு சட்டி உடைச்சுத்தான் பழகினன். தும்புச்சோறு, ஆத்துமணல், உக்கின கூட்டெரு சேர்த்துப் போடுங்க. மேல கலர்க்கல் போடாதீங்க, பிளாஸ்டிக் ரோசாவைப் பக்கத்தில வைக்காதீங்க, கெஞ்சிக் கேட்கிறன்.

கடற்கரை வீதிக்காரி (கல்லடி):

ஏழு கிழமைக்குப் பிறகு எழுதுறன், மன்னிச்சுக் கொள்ளுங்க.

சேர், கரண்டிய வத்த வைச்சுப் பார்த்தன். இவரைக் கூப்பிட்டுக் காட்டினன், நக்கிப் பார்த்துட்டு முகத்தைச் சுளிச்சார். அடுத்த நாள் தானே பீலிக்குக் கீழ ஒரு பரல் கொண்டுவந்து வைச்சார். மழை தொடங்கி இப்ப அது நிரம்பி வழியுது. ராத்தா, தயிர்ச் சட்டி எனக்கு ரெண்டு உடைஞ்சிது, மூண்டாவது சரி. மஞ்சளையெல்லாம் வெட்டினதும் ஒன்பதில மூண்டு தண்டுதான் மிஞ்சிச்சு. அழுகை வந்தது உண்மை.

நேற்று முக்காலியைத் துடைக்கக்குள்ள பார்க்கிறன், மண்ணைப் பிளந்துகொண்டு ரெண்டு முளை. ஊதா கலந்த பச்சை, நெருப்புக்குச்சி மொத்தம். ஒண்டு அரையடி நீண்டு நுனியில விரியத் தொடங்கிட்டுது, மற்றது இன்னும் மொட்டையாத்தான் போகுது. இது மேகமா தூண்டிலா எண்டு எத்தினை நாளில தெரியும் ராத்தா? தங்கூசி வாங்கி வைச்சிட்டன்.

மாமிக்குச் சந்தையில சாத்தாவாரிக் கட்டு ரெண்டு வாங்கிக் குடுத்தாச்சு. எண்டாலும் முக்காலிப் பக்கம் போகக்குள்ள ஒருக்கா நிண்டு பார்க்கிறா.