பிரெஞ்சு நாட்டுப்புறப் பாதைகளில் நீங்கள் யாரைச் சந்தித்தீர்கள்?

பிரான்சில் இருக்கிற எங்கட சனத்தில் பலருக்கு நாட்டுப்புறம் என்றால் கார் யன்னலுக்கு வெளியே ஓடுகிற பச்சைதான். ஆவணியில் லூர்து மாதாவிடம் போவோம், கோடையில் கடற்கரைக்குப் போவோம், சொந்தக்காரரைப் பார்க்க இன்னொரு நகரத்துக்குப் போவோம். நடுவில் கிடக்கிற மலைநாட்டில் இறங்கி நடந்தவர்கள் குறைவு. அப்படி நடந்தவர்கள் இருந்தால் இங்கே எழுதுங்கோ. பார்த்த இடங்களின் பட்டியலை விட, அந்தப் பாதையில் யார் உங்களோடு கதைத்தார்கள், என்ன காட்டித் தந்தார்கள் என்பதைத்தான் வாசிக்க ஆசை. முதலில் நான் எழுதுகிறேன்.

நான் நடந்தது ஜிஆர் 65 என்கிற நெடுந்தூர நடைப் பாதையில், லு புயி-ஆன்-வெலேயிலிருந்து கோன்க் வரை. ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஸ்பெயினில் இருக்கிற சந்தியாகோ தே கொம்போஸ்தேலாவுக்கு ஆயிரம் வருடமாக யாத்திரிகர் நடந்த வழிகளில் ஒன்று இது. லு புயியின் ஆயராக இருந்த கொதெஸ்கால்க் 950ஆம் ஆண்டு இங்கிருந்து வெளிக்கிட்டுப் போய்த் திரும்பி வந்தவர். இப்போதும் காலை 7 மணிப் பூசை முடிந்ததும் பேராலயத்துப் படிகளில் இறங்கித்தான் நடைகாரர் புறப்படுகிறார்கள். எல்லோரும் பக்தர்கள் இல்லை. வேலையை விட்டவர்கள், துணையை இழந்தவர்கள், சும்மா நடக்க விரும்பி வந்தவர்கள் என்று எல்லாரும் உண்டு.

சென்-பிரிவா-தாலியேயைத் தாண்டி அலியே ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்கும் வழியில், ஒரு பெரியவர் பாறைக்கு முன்னால் குந்தியிருந்தார். கம்பித் தூரிகையால் பாறையில் படிந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெள்ளை, சிவப்பு என இரண்டு சின்ன வர்ண டின். மேலே வெள்ளைக் கோடு, கீழே சிவப்புக் கோடு. இந்த அடையாளத்தை நம்பித்தானே நாங்கள் எல்லோரும் நடக்கிறோம்! அதை யாரோ ஒருவர் கையால் தீட்ட வேண்டும் என்று அதுவரை நான் நினைத்தே பார்க்கவில்லை.

அவர் ஓய்வுபெற்ற தபால்காரர். சம்பளம் கிடையாது. நடைச் சங்கத்துத் தொண்டராக, தன் பங்குக்கு வந்த துண்டுப் பாதையைப் பார்த்துக்கொள்கிறார். பெருக்கல் குறி போல இரண்டு கோடும் குறுக்காக இருந்தால் அந்தப் பக்கம் போகக்கூடாது. கோடுகளுக்குக் கீழே வளைந்த அம்பு இருந்தால் திருப்பம் வருகிறது. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றை அவர் சொன்னார்: தீட்டி முடித்தபிறகு அதே பாதையை எதிர்த்திசையிலும் நடந்து பார்ப்பாராம், ஒரு பக்கமிருந்து பளிச்சென்று தெரிகிற மரம் மறுபக்கமிருந்து வருகிறவனுக்கு மறைந்திருக்கும் என்பதால். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "லு புயியிலிருந்து இங்கே வரும் வரைக்கும் எந்த இடத்தில் உங்களுக்குச் சந்தேகம் வந்தது?" நான் ஒரு முச்சந்தியைச் சொன்னேன். சட்டைப்பையிலிருந்து கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டார். 1947இல் ஒர்லெயான் பக்கம் முதல் ஜிஆர் பாதைக்கு அடையாளம் வைத்த நாளிலிருந்து, இந்த நாட்டில் பல்லாயிரம் கிலோமீட்டருக்கு இப்படித்தான் வேலை நடக்கிறது.

சோக் என்கிற சிற்றூரில் தங்குமிடத்து அம்மா இரவுச் சாப்பாட்டோடு ஜெவோதான் மிருகத்தின் கதையைச் சொன்னா. 1764 தொடக்கம் 1767 வரை இந்த மலைகளில் ஏறத்தாழ நூறு பேரைக் கடித்துக் கொன்றது. செத்தவர்களில் பெரும்பாலானோர் மாடு, ஆடு மேய்க்கப் போன பிள்ளைகளும் பெண்களும். அது ஓநாயா, வேறு ஏதுமா என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். அந்த அம்மாவுக்கு அந்த வாதத்தில் அக்கறை இல்லை. "அந்த வயதுப் பிள்ளையைத் தனியே மேய்க்க அனுப்புகிற அளவுக்கு வறுமை இருந்ததே, அதைச் சொல்லுங்கோ" என்றா.

மார்ஜெரீட் காடுகளைக் கடந்து ஓப்ராக் மேட்டுநிலத்துக்கு ஏறினால் மரமே இல்லை. புல், கற்சுவர், வானம். பசுக்கள் கோதுமை நிறம், கண்ணைச் சுற்றி மை தீட்டினது போலக் கறுப்பு. மே 25ஐ ஒட்டி, கழுத்தில் மணியும் கொம்பில் பூவுமாக அவற்றை மேட்டுநிலத்துக்கு ஓட்டி வருவது இங்கே பெரிய திருவிழா. நான் போன அன்று பூ இல்லை, மூடுபனிதான். பத்து அடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஒரு வாயிற்கம்பியைத் திறந்து உள்ளே போய் மூடிக்கொண்டிருக்கும்போது, பனிக்குள்ளிருந்து மாட்டுக்காரர் ஒருவர் வந்தார். நான் கம்பியைத் திரும்பக் கொழுவினதைப் பார்த்துத் தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தார். "சுவரை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டே போங்கோ. கன்று நின்றால் தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாதேயுங்கோ." சொல்லிவிட்டு, கொஞ்சத் தூரம் எனக்கு முன்னால் அவரே நடந்தார். நான் கேட்கவில்லை.

ஓப்ராக் ஊரில் இருப்பது ஒரு பழைய மடத்தின் மிச்சம். 1120ஐ ஒட்டி அதலார் என்கிற பிளாண்டர்ஸ் நாட்டுப் பிரபு, யாத்திரிகருக்குச் சாப்பாடும் படுக்கையும் பாதுகாப்பும் கொடுப்பதற்காக, மனிதர் குடியிருக்காத இந்தக் குளிரில் அதைக் கட்டினார். மூடுபனியிலும் பனிப்பொழிவிலும் விடாமல் மணி அடிப்பார்கள், வழி தவறினவன் சத்தத்தைப் பிடித்து வந்து சேரட்டும் என்று. அன்று அந்தத் தேவாலயத்துக்குள் ஈரச் சட்டையோடு இருந்தபோது, அந்தத் தபால்காரரும் மாட்டுக்காரரும் அந்த மணியின் வேலையைத்தான் செய்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. முகம் தெரியாத ஒருவன் வருவான், அவன் தவறிப்போகக் கூடாது. இந்த நாட்டுப்புறத்தில் நான் கண்ட பெரிய விஷயம் அதுதான், கோட்டையும் கோபுரமும் அதற்குப் பிறகுதான்.

கோன்க் பற்றி எழுதத் தொடங்கினால் முடியாது. சென்ட் ஃபுவா ஆலயத்தின் வாசல் மேல் கடைசித் தீர்ப்பைச் செதுக்கியிருக்கிறார்கள், 124 உருவங்கள். இரவில் வெள்ளை அங்கித் துறவி ஒருவர் படிக்கட்டில் நின்று ஒவ்வோர் உருவமாக விளக்குகிறார். உள்ளே ஓவியர் பியேர் சுலாஜ் வடிவமைத்து 1994இல் பொருத்திய 104 யன்னல்கள். நிறமில்லாத கண்ணாடிதான், வெளிச்சம் மாற மாறத் தானாக நிறம் கொள்ளும். காலையும் பின்னேரமும் இரண்டு தடவை போய்ப் பாருங்கோ.

*

துலூஸிலிருந்து எழுதறேன். அண்ணா சொன்ன அதே பாதைதான், ஆனா நாங்க நடந்தது இன்னும் கீழே, கெர்சி பகுதியில். கஜார்க்கிலிருந்து லிமோஞ் வழியா காஓர் வரைக்கும். சுண்ணாம்புக் கல் பூமி, மழைத் தண்ணி முழுக்கக் கீழே இறங்கிடும். குட்டைக் கருவாலி மரங்கள், கல்லை அடுக்கியே கட்டின மேய்ப்பர் குடிசைகள், நடுவில் திடீர்னு ஒரு கற்காலத்துக் கல்லறை. வெயில் காலத்துல போனா தண்ணி கிடைக்கறது பெரிய கஷ்டம்.

ஒரு கிராமத்தில் கடை எல்லாம் பூட்டியிருந்தது. கல்லறைத் தோட்டத்துல ஒரு பாட்டி சாமந்திப் பூந்தொட்டிகளுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தாங்க. எங்க காலி பாட்டிலைப் பார்த்துட்டு, "எந்த ஊருக்குப் போனாலும் கல்லறைக்குப் போங்க, அங்க குழாய் இருக்கும். குடிக்கக்கூடாதுன்னு எழுதியிருந்தா மட்டும் விட்டுடுங்க" அப்படின்னாங்க. நடக்கறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியமாம். அதுக்கப்புறம் நாங்க தண்ணிக்கு அலையவே இல்லை.

அவங்களே எங்களைச் சதுக்கத்துல இருக்கற போர் நினைவுத் தூணுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அது இல்லாத கிராமமே இங்க அபூர்வம். 1914ல தொடங்கின போர்ல செத்தவங்க பேர் வரிசையா இருக்கும், அதுல ஒரே குடும்பப் பேர் மூணு தடவை. அந்த வீட்டுக் கதவு இப்பவும் பூட்டியே கிடக்குன்னு கைகாட்டினாங்க. புதுச்சேரி கடற்கரைச் சாலையில இருக்கற பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னத்தைப் பார்த்துக்கிட்டே பள்ளிக்கூடம் போனவ நான். அங்க அது எனக்கு வெறும் கட்டடமாத்தான் இருந்தது. இங்க ஒரு சின்ன ஊர்ல இத்தனை பேரான்னு நின்னுட்டேன்.

இன்னொண்ணு, இலையுதிர் காலத்துல போறவங்க கவனிங்க. செப்டம்பர்லேர்ந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் வேட்டைக் காலம். ஞாயித்துக்கிழமை காட்டுப் பாதையில "வேட்டை நடக்கிறது"ன்னு பலகை வெச்சிருப்பாங்க. ஆரஞ்சு மேல்சட்டை போட்ட ஒருத்தர் எங்களை நிறுத்தி, ஊதுகுழல் சத்தம் கேக்கற வரைக்கும் காத்திருக்கச் சொன்னார். ஃபிளாஸ்க்லேர்ந்து காப்பியும் ஊத்திக் கொடுத்தார். பளிச்சுன்னு நிறத்துல உடுத்திக்கிட்டுப் போங்க.

*

நான் லியோனில் இருக்கிறேன். அம்மாவுக்கு நெடுந்தூரம் நடக்க முடியாது. அதனால் லு புயிக்கு மட்டும் போனோம்.

சென்-மிஷெல் தெகுயி சிற்றாலயம் எரிமலைக் கல்லின் உச்சியில் இருக்கிறது, 268 படி. ஆயர் கொதெஸ்கால்க் காலத்திலேயே, 10ஆம் நூற்றாண்டில் கட்டியது. அம்மா இருந்து இருந்து ஏறினா. இன்னொரு குன்றில் சிவப்பாக நிற்கும் பெரிய மாதா சிலை 1860இல் வைத்தது. கிரிமியப் போரில், செவஸ்தபோலில் பிடித்த 213 ரஷ்யப் பீரங்கிகளை உருக்கி வார்த்தார்களாம். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "சண்டைச் சாமான்" என்று சொல்லிவிட்டு, கீழே நின்று பார்த்ததோடு சரி.

அம்மாவை அசையவிடாமல் நிறுத்தியது பேராலயத்துக் கறுப்பு மாதா. பழைய சிலையைப் புரட்சிக் காலத்தில், 1794இல் எரித்துவிட்டார்கள். இப்போது இருப்பது வேறு. அங்கே பூ ஒழுங்குபடுத்திய தொண்டர் அம்மா ஒருவர், திருநாளுக்கு ஏற்றபடி மாதாவின் அங்கியை மாற்றுவோம் என்று சொன்னா. நான் மொழிபெயர்த்தேன். அம்மா உடனே, எங்கட ஊர் அம்மனுக்கும் வெள்ளிக்கு ஒரு சேலை, திருவிழாவுக்கு ஒரு சேலை என்று சொல்லத் தொடங்கினா. யார் தைக்கிறது, பழசை என்ன செய்வீர்கள் என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டார்கள். எனக்கு மொழிபெயர்த்து முடியவில்லை. கடைசியில் அந்த அம்மா எங்களைக் காய்ச்சல் கல்லுக்குக் கூட்டிப்போனா. முற்காலத்தில் நோயாளிகள் அந்தக் கருங்கல் பலகையில் படுத்து எழும்புவார்களாம். அம்மா கையை வைத்துவிட்டு என்னையும் வைக்கச் சொன்னா.

தெருவில் ஒரு பெண் சின்ன மெத்தையில் ஊசி குத்தி, மரக்கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னிக்கொண்டிருந்தா. அம்மாவிடம் நாலு கட்டையைக் கொடுத்து விரலைப் பிடித்துக் காட்டினா. அதற்கு என் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. திரும்பும்போது ஒரு பை நிறையப் பச்சைப் பருப்பு. அண்ணா, ஓப்ராக் பக்கம் அம்மாவோடு கொஞ்சத் தூரமாவது நடக்க ஏற்ற இடம் இருக்கிறதா?

*

மோன்பெலியேயிலிருந்து. ஓப்ராக் மணியைப் பற்றி வாசித்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. லோசேர் மலைக்குப் போனால் செர்வியே, லே சாஞ் போன்ற குக்கிராமங்களில் கருங்கல்லில் சின்ன மணிக்கூண்டு தனியே நிற்கும், பக்கத்தில் தேவாலயம் இருக்காது. பனிப்புயல் அடிக்கும்போது ஊர்ச்சனமே மணி அடித்து, வெளியே மாட்டிக்கொண்டவர்களைக் கூப்பிடுவதற்காகக் கட்டியது. மலைமுகட்டில் நிமிர்த்தி நட்ட கற்களும் நிற்கும், பனி பாதையை மூடினாலும் வழி தெரியட்டும் என்று. 1878இல் ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஸ்டீவன்சன் ஒரு கழுதையோடு நடந்த வழி இந்தப் பக்கம்தான். இப்போது அது ஜிஆர் 70. கழுதையை வாடகைக்கும் எடுக்கலாம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நல்லது.

ஓநாய் திரும்பி வந்தபிறகு, ஆட்டு மந்தைக்குக் காவலாகப் பெரிய வெள்ளை நாய்கள் நிற்கின்றன. ஒன்று குரைத்துக்கொண்டு நேரே எங்களிடம் வந்தது. மேய்ப்பது ஓர் இளம்பெண். தூரத்திலிருந்தே நில்லுங்கள் என்று கைகாட்டினாள். ஓட வேண்டாம், தடியைத் தூக்க வேண்டாம், தடவிக் கொடுக்கவும் வேண்டாம், மெதுவாகக் கதைத்துக்கொண்டு நின்றால் அது மணந்து பார்த்துவிட்டுப் போய்விடும் என்றாள். போய்விட்டது. மந்தையைச் சுற்றி வளைத்துப் போங்கள், ஊடே நடந்தால் ஆடு சிதறும், பிறகு சேர்க்க அரை நாள் போய்விடும் என்றும் சொன்னாள்.

*

தங்கச்சி, அம்மாவோடு நடக்க நாஸ்பினாலிலிருந்து ஓப்ராக் வரை போங்கோ. 9 கிலோமீட்டர் அளவு, புல்வெளி மேல் மெல்லிய ஏற்றம். நாஸ்பினாலில் பழைய கல் ஆலயம் ஒன்றும், பியேர் புரியூத் என்கிற எலும்பு வைத்தியருக்கு வைத்த சிலையும் இருக்கின்றன. வீதி திருத்தும் வேலை செய்துகொண்டு, தூர இடங்களிலிருந்து வந்த சனத்துக்கெல்லாம் முறிவு பார்த்தவர். அம்மாவுக்கு அந்தக் கதை பிடிக்கும். கிட்ட உள்ள ரயில் நிலையம் ஓமோன்-ஓப்ராக், அங்கிருந்து டாக்சிக்கு முதலே சொல்லி வையுங்கோ. ஜூன், செப்டம்பர் இரண்டும் நல்லது. தங்குமிடத்தைக் கட்டாயம் முன்பதிவு செய்யுங்கோ. திங்கட்கிழமை பல கடைகள் பூட்டு, ஆனபடியால் பாணும் சீசும் ஞாயிறே வாங்குங்கோ. உருளைக்கிழங்கையும் புதுச் சீசையும் சேர்த்து நூல் இழுபட இழுபடக் கிண்டுகிற அலிகோவை அங்கே சாப்பிடாமல் வராதேயுங்கோ.

ஓப்ராக்கைத் தாண்டிச் சென்-ஷெலிக்கு இறங்க வேண்டாம். ஒரேயடியான கல் இறக்கம், முழங்காலுக்குச் சரிவராது.