பாமினியில் கிடக்கும் பழைய பக்கங்களை யூனிகோடுக்கு மாற்ற உதவி தேவை

குடியாத்தம் பக்கத்தில் எங்கள் ஊருக்காக 2006இல் தொடங்கிய இணையதளம். பழைய பக்கங்கள் எல்லாம், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவில் அடித்தவை. செல்போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரிகிறது. கைத்தறி லுங்கி நெசவு பற்றிப் பெரியவர்கள் சொன்னதெல்லாம் அதில்தான் இருக்கிறது, வேறு பிரதி கிடையாது.

எழுத்துருவைத் தளத்திலேயே ஏற்றிப் பார்த்தோம். படிக்க முடிகிறது, ஆனால் கூகுளில் தமிழில் தேடினால் அகப்படவில்லை. அப்புறம் ஆன்லைன் மாற்றியில் முழுப் பக்கத்தையும் ஒட்டினோம். தமிழ் சரியாக வந்தது. நடுவில் உள்ள மின்னஞ்சல் முகவரி, ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் அர்த்தமில்லாத தமிழாகிவிட்டன. ஒவ்வொன்றாகத் திருத்த ஆள் இல்லை. புதிய செய்திகளை யூனிகோடில்தான் போடுகிறோம், அதில் சிக்கல் இல்லை.

எல்லாம் சாதாரண ஹெச்டிஎம்எல் கோப்புகள். பாமினி வரிகள் மட்டும் எழுத்துருவைக் குறிக்கும் ஃபாண்ட் டேகுக்குள் இருக்கின்றன, ஆங்கிலம் வெளியே. டேகுக்குள் இருப்பதை மட்டும் மொத்தமாக மாற்றித் தரும் பைத்தான் நிரல் யாரிடமாவது இருக்கிறதா?